தண்ணீர் வடிந்த வீடுகள்: மெயின் சுவிட்சும் சம்ப்பும்

குழுவினருக்கு வணக்கம். தெருவில் கரண்ட் வந்துவிட்டது என்று உடனே மெயினைப் போடாதீர்கள். மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. (கோளாறு வந்தால் டிரிப் ஆகி, கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்சுகள்) வெளியே காய்ந்தாலும் உள்ளே சேறு இருக்கும். ஷாக் அடிக்கும் நேரத்தில் டிரிப் ஆகாமல் போகலாம். துடைத்துப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். ஒயரிங், மோட்டார், பிரிட்ஜ் எல்லாம் எலக்ட்ரீஷியன் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்த பிறகே. காப்பீடு இருந்தால், கழுவுவதற்கு முன்பே சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு போட்டோ எடுங்கள்.

சம்ப்தான், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிதான், பெரிய வேலை. சாக்கடை கலந்திருக்கும். மேலிருந்தே மட் பம்ப் போட்டு இறையுங்கள், ஆளை இறக்காதீர்கள். அடியில் விஷவாயு தேங்கியிருக்கும். பெட்ரோல் பம்ப்செட்டை உள்ளே வைத்து ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லும்.

நீளப் பிரஷால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பியபின் 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் (5000 லிட்டர் சம்ப்புக்கு 750 கிராம்). பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிநீரை மட்டும் ஊற்றுங்கள். மேல்தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். 12 மணி நேரம் கழித்து மொத்தத்தையும் வெளியேற்றிவிடுங்கள்; இந்தத் தண்ணீர் குடிக்க அல்ல.

பழைய, பிரித்துவைத்த பவுடரில் வீரியம் இருக்காது. டாய்லெட் ஆசிட்டோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.