புறநோயாளிகள் பிரிவிலிருந்து ஏன் கட்டுரை வருவதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் அறுவை அரங்கிலிருந்தும் கட்டுரைகள் வந்து குவிகின்றன, புறநோயாளிகள் பிரிவுச் செவிலியர்களிடமிருந்து மட்டும் ஒன்றும் வருவதில்லை என்று சென்ற இதழில் வருந்தியிருந்தீர்கள். எங்களுக்கு எழுத ஆர்வம் குறைவு என்று அதற்குக் காரணமும் சொல்லியிருந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வார்டில் ஒரு நோயாளி பத்து நாள் இருக்கிறார். அவருக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. காய்ச்சல் ஏறியது, இறங்கியது, தையல் பிரித்தது, முதன்முதலாக எழுந்து நடந்தது எல்லாம் ஷிப்டுக்கு ஷிப்ட் பதிவாகிவிடுகின்றன. அங்கே வேலை செய்யும் செவிலியர் கட்டுரை எழுத உட்காரும்போது பாதிக் கட்டுரை ஏற்கெனவே அந்தக் கோப்பில் கிடக்கிறது. எங்களிடம் வருபவரோ ஐந்தாறு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். நாங்கள் சொன்னது பலித்ததா என்பது அவருடைய வீட்டில் தெரியவேண்டிய செய்தி. மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்து, அதுவும் அதே செவிலியர் முன்னால் உட்கார்ந்தால்தான் எங்களுக்குத் தெரியவரும். தொடக்கம் மட்டும் தெரிந்து முடிவு தெரியாத ஆயிரம் சந்திப்புகளை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுரை எழுதுவது என்ற தயக்கம்தான் எங்களைத் தடுக்கிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் சர்க்கரை அளவு கூடுதலாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டில் இன்சுலின் அளவும் கூடியது. உணவைப் பற்றிக் கேட்டோம், நேரத்தைப் பற்றிக் கேட்டோம், ஊசியை விட்டுவிடுகிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டோம். ஒரு நாள், ஊசியை எங்கே போடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். தோலுக்கடியில் ரப்பர் போல ஒரு தடிப்பு. "அங்கே போட்டால் வலிக்காது சிஸ்டர், அதனால்தான் இடம் மாற்றுவதில்லை" என்றார்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஊசி போடும்போது அங்குள்ள கொழுப்புத் திசு தடித்துவிடும். அந்தத் தடிப்புக்குள் போகும் இன்சுலின் சீராக ரத்தத்தில் சேராது. ஆகவே, இடத்தை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. தடிப்பை நம்பி ஏற்றிக்கொண்டே போன அதே அளவை நல்ல திசுவில் போட்டால், சர்க்கரை சட்டென்று இறங்கி நோயாளி மயங்கி விழக்கூடும். மருத்துவரிடம் சொல்லி முதலில் அளவைக் குறைக்கவேண்டியிருந்தது. ஊசி போடும் இடங்களைச் சுழற்சியாக மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, அடுத்த சில வாரங்களுக்கு வீட்டில் அடிக்கடி சோதித்துப் பார்க்கச் சொல்லி, தொலைபேசியிலும் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனையும் எங்கள் பதிவேட்டில் ஒரே வரியாக இருக்கிறது: "ஊசி போடும் இடத்தை மாற்ற அறிவுறுத்தப்பட்டது." யார் அறிவுறுத்தியது, எதைக் கண்டு அறிவுறுத்தியது, அதற்கு முன் ஏன் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் இடமே இல்லை. என் விரலுக்குத் தெரிந்தது எனக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போகும் இளம் செவிலியருக்குத் தெரியாமலே போய்விடும். கட்டுரை என்று ஒன்று எங்களுக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான்.

ஆனால் உங்கள் இதழில் எங்கள் பிரிவைப் பற்றி எப்போதாவது வரும் கட்டுரைகளைப் படித்தால் மனம் சோர்ந்துவிடுகிறது. நோயின் வரையறையில் தொடங்கி, வகைகள், காரணங்கள், அறிகுறிகள் என்று பாடப்புத்தகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நோயாளிக்குப் போதிய சுகாதாரக் கல்வி அளிக்கப்பட வேண்டும்" என்று முடிகின்றன. போதிய என்றால் எவ்வளவு? வாசலில் இன்னும் நாற்பது பேர் காத்திருக்கும்போது, இருக்கும் ஐந்து நிமிடத்தில் எதை இன்றைக்குச் சொல்வது, எதை அடுத்த வருகைக்கு விடுவது? அந்தத் தேர்வில்தான் எங்கள் அனுபவம் முழுவதும் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு பத்திகூட நான் படித்ததில்லை.

ரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், பாதங்கள் தரையில் பட வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும், பேசக் கூடாது, பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். இவை எல்லாச் செவிலியருக்கும் மனப்பாடம். நடைமுறையில் அவர் படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பட்டையைச் சுற்றிவிடுகிறோம். பருத்த கைக்கும் மேசைமேல் கிடக்கும் அதே பட்டைதான். சிறிய பட்டை, உள்ள அழுத்தத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ஒரு மாத்திரை கூடிவிடும். எங்கோ ஒரு மருத்துவமனையில் யாராவது ஒரு செவிலியர் நாற்காலிகளை மாற்றிப் போட்டோ, வரிசையின் போக்கைத் திருப்பியோ அந்த ஐந்து நிமிடத்தை மீட்டிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் எழுதட்டும். அவருடைய திட்டம் முதல் மாதம் தோற்றிருந்தால் அதையும் எழுதட்டும். எனக்கு அதுதான் அதிகம் பயன்படும்.

இப்படிப்பட்ட முயற்சிகளை எழுதுவதற்கு வழிகாட்டி இல்லாமலில்லை. பராமரிப்பின் தரத்தை மேம்படுத்தும் முயற்சிகளை எழுதுவதற்கென்றே ஸ்கொயர் என்ற நெறிமுறை 2008-இல் வந்து, 2015-இல் திருத்தப்பட்டது. அது எழுதுபவரிடம் கேட்பவை நான்கே கேள்விகள்: ஏன் தொடங்கினீர்கள், என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள், அதற்கு என்ன பொருள்? இவற்றுக்கு விடை சொல்ல முடியாத புறநோயாளிகள் பிரிவுச் செவிலியர் யாரும் இருக்க முடியாது. உங்கள் இதழின் எழுத்தாளர் குறிப்புகளிலோ பக்க எண்ணிக்கையும் மேற்கோள் முறையும்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆம்புலேட்டரி கேர் நர்சிங் என்ற அமைப்பு 1978-இலிருந்து இயங்குகிறது. அதற்குத் தனி இதழும் உண்டு. இது தனித்திறன் வேண்டும் வேலை என்பதை அங்கே ஏற்று இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.

தொலைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பணியில் பெரும்பகுதி இன்று அதில்தான் நடக்கிறது. மூச்சுத்திணறல் என்று ஒருவர் அழைத்தால், அவர் சொல்வதோடு எப்படிச் சொல்கிறார் என்பதையும் கேட்கிறோம். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா என்பதை வைத்தே, உடனே கிளம்பி வாருங்கள் என்று சொல்லிவிடுகிறோம். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் எடுக்கும் இந்த முடிவுகள் எத்தனை சரி, எத்தனை தவறு என்று யார் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்? நவீன செவிலியர் பணிக்கு அடித்தளமிட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல், கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம் என்பதைக் கணக்காகவும் வரைபடமாகவும் முன்வைத்தார். லண்டன் புள்ளியியல் சங்கம் 1858-இல் அவரை முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. எண்ணி எழுதும் வழக்கம் எங்கள் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தது.

என் முதல் கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து, "வெளியிட இயலவில்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அதன் பிறகு ஆறு ஆண்டுகள் நான் எழுதவே இல்லை. முதல் மூன்று பக்கங்கள் தேவையில்லை, நான்காம் பக்கத்தில்தான் நோயாளி உள்ளே வருகிறார், அங்கிருந்து தொடங்குங்கள் என்று ஒரு மூத்த செவிலியர் பின்னாளில் சொன்னார். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. இதழிலிருந்து யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம். கட்டுரையை நிராகரியுங்கள், அது உங்கள் உரிமை. ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள்.

நீண்ட கட்டுரைக்கு நேரமில்லாதவர்களுக்காக எண்ணூறு சொற்களுக்குள் ஒரு பகுதியையும் திறக்கலாம். எழுதுபவர்களுக்குச் சில நடைமுறைகளையும் சொல்லிக்கொடுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடாது. அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். எதையாவது எண்ணிக் கணக்கெடுக்கப்போகிறோம் என்றால் தொடங்குவதற்கு முன்பே, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவைக் கேட்க வேண்டும். பலர் எல்லாம் முடிந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். நல்ல முயற்சி அச்சுக்கு வராமலே போகிறது. ஒப்புதல் படிவத்தின் மாதிரியை இதழிலேயே வெளியிடுங்கள். கட்டுரையாசிரியர் பெயர் விஷயத்திலும் கொஞ்சம் உறுதியாக இருங்கள். வேலையில் பங்கெடுத்து, எழுதுவதிலோ திருத்துவதிலோ கைகொடுத்து, இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டு, அதற்குப் பொறுப்பேற்பவரே கட்டுரையாசிரியர் என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு தெளிவாக வகுத்திருக்கிறது. துறைத் தலைவர் என்பதற்காக ஒருவர் பெயர் முதலில் வந்து, டிரெஸ்ஸிங் அறையில் நின்று ஆறு மாதம் குறிப்பெடுத்த செவிலியரின் பெயர் நன்றியுரைக்குத் தள்ளப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செவிலியர் மறுபடி எழுத மாட்டார்.

மேலே சொன்ன இன்சுலின் நிகழ்ச்சியைக் கட்டுரையாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். சுமார் தொள்ளாயிரம் சொற்கள். அந்த நோயாளியிடம் முழுவதையும் படித்துக் காட்டி, கட்டுரைக்கும் இந்தக் கடிதத்துக்கும் சேர்த்து அவருடைய கையெழுத்தோடு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். அந்தப் படிவமும் உறைக்குள் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும் முறையை விளக்க ஒரு படம் தேவைப்படும். எனக்கு வரையத் தெரியாது. உங்கள் ஓவியர் வரைவதாக இருந்தால், விரல்களை எப்படி வைக்க வேண்டும் என்று நேரில் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
புறநோயாளிகள் பிரிவு