வட்டத்தில் ஓர் இடம்

கொண்டலாம்பட்டி,
சேலம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். இங்கே அனைவரும் நலம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. மாம்பழக் காலம் முடிந்ததுதான் காரணம், மருந்து இல்லை.

சரி, உங்கள் கும்மி விஷயத்துக்கு வருகிறேன். ஓசூரில் உங்கள் குடியிருப்பில் புதிதாக வருகிறவர்கள் ஒரு நாள் வந்துவிட்டு மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை, ‘ஆர்வம் இல்லாத ஜனங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆர்வம் இல்லாதவள் இராத்திரிச் சமையலை அவசர அவசரமாக முடித்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி வருவாளா? வந்தவளுக்கு அங்கே நிற்க இடம் இல்லை, அதனால் போய்விட்டாள். அவ்வளவுதான்.

உங்கள் கோலாட்டத்தையே எடுத்துக்கொள். ஜோடி சேருங்கள் என்றதும் பழைய சிநேகிதிகள் கண்ணாலேயே பேசி ஜோடி போட்டுக்கொள்வீர்கள். புதியவள் கையில் இரண்டு கோலோடு ஓரமாக நிற்பாள். இங்கே அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் பாட்டுக்குத் தெரிந்தவர், தெரியாதவரைத்தான் ஜோடியாகக் கூப்பிட வேண்டும். பாட்டு மாறினால் ஜோடியும் மாறும். தலை ஒற்றைப்படையாக வந்தால் சொல்லிக்கொடுப்பவரே இறங்கி ஆடுவார். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

கும்மியில் வேறொரு சிக்கல். வட்டத்தில் நிற்கும்போது புதியவள் எதிரே இருப்பவளைப் பார்த்துத்தான் ஆடுவாள். எதிராளியின் வலது இவளுக்கு இடது பக்கம் தெரியும். கால் குழம்பும், பக்கத்தில் இருப்பவள் மேல் இடிப்பாள், வெட்கப்பட்டு வெளியே போவாள். அதனால் நன்றாக ஆடத் தெரிந்த இருவருக்கு நடுவே அவளை நிறுத்து. எதிரே பார்க்காதே, முன்னால் போகிறவளின் காலைப் பார் என்று சொல். புதியவர்கள் எல்லோரையும் ஒரே பக்கமாக நிறுத்திவிடாதே, அந்தப் பக்கம் வட்டம் அறுந்துபோகும். பாட்டை நடுவில் நிறுத்தித் திருத்தவும் வேண்டாம். தப்பாக ஆடினாலும் பாட்டு ஓடட்டும், முடிந்தபிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்.

பாட்டையும் முழுசாகக் கற்றுக்கொடுத்து ஆரம்பிக்காதே. ‘தன்னானே நானே’ என்று பின்பாட்டு எடுக்கிறோமே, அது யாருக்கும் வரும். எங்கள் பக்கம் மில்லில் வேலைக்கு வந்திருக்கும் ஒடிசாப் பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். உட்கார வைத்து, தன்னானேவும் கைத்தட்டும் மட்டும் பழக்கினோம். இப்போது எங்களைவிடச் சத்தமாகப் பாடுவது அவர்கள்தான். சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டில் பேசுகிறவர்கள் காலங்காலமாக இருக்கிற ஊர், இது எங்களுக்குப் பெரிய விஷயமா என்ன!

நான் ரொம்ப யோசித்தது வேறொன்றைப் பற்றி. முளைப்பாரி சமயத்தில் கும்மி கொட்டக் கூப்பிட்டால், கணவரை இழந்தவர்கள் ‘நான் எதுக்கு’ என்று தாங்களாகவே திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள் இல்லையா? யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, ஆனால் உள்ளே வா என்றும் யாரும் சொன்னதில்லை. பழைய பாட்டுகள் அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான்! எங்கள் குழுவில் இப்போது பாட்டு எடுத்துக்கொடுப்பவர் அப்படி உட்கார்ந்திருந்த ஓர் அக்காதான். சும்மா ‘வாங்க’ என்றால் வரமாட்டார் என்று தெரியும். ‘அடுத்த அடி மறந்துபோச்சு, வந்து எடுத்துக் கொடுங்கக்கா’ என்று கேட்டதும் எழுந்து வந்தார்.

சாதியும் அப்படித்தான். எந்தத் தெருவில், எந்தக் கோயில் வாசலில் ஆடுகிறோம் என்பதே யார் வரலாம் என்பதைச் சொல்லிவிடும், வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கொங்குப் பக்கம் இப்போது ஊருக்கு ஊர், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடக்கிறது. அதில் சில இடங்களில் ஒரே சாதிக்காரர்கள் கூடும் கூட்டமாகவும் அது ஆகிவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம்தான். நாங்கள் கோயில் வாசலை விட்டுப் பொது மைதானத்துக்கு மாறியபிறகு பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தயங்காமல் வருகிறார்கள். உங்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது, அந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதே. அங்கே வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் மேலே ஏறி வந்து ஆடலாமா என்று கேட்டுப் பார்த்தாயா?

கோவைப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். இன்று பெண்கள் இல்லாத வள்ளி கும்மியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்போதும் ‘இது வழக்கம் இல்லையே’ என்று யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

இன்னொன்று. மேடைக்கான ஒத்திகையையும் சாதாரண ஆட்டத்தையும் தயவுசெய்து ஒரே நாளில் வைக்காதே. மேடைத் தேதி குறித்துவிட்டால் நமக்கெல்லாம் வாத்தியார் குணம் வந்துவிடும், ஒரே நிறச் சேலை, ஒரே அளவு கொண்டை, ‘நீ பின்னால் போ’. ஒத்திகை வேறொரு நாள் நடக்கட்டும். மற்ற நாளில் சுடிதாரோ நைட்டிமேல் துண்டோ, வந்தபடி ஆடட்டும். முழங்கால் வலிக்கிறவர் குனியாமல் கைமட்டும் தட்டட்டும் (நான் அந்தக் கட்சிதான்). முக்கியமாக, யாரும் போனில் வீடியோ எடுக்கக் கூடாது. தான் தடுமாறியதை அடுத்த நாள் யாருடைய ஸ்டேட்டஸிலோ பார்த்த ஒருத்தி எங்களை விட்டே போய்விட்டாள்.

மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போயிருந்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் இவருக்கு வழக்கம்போல வாந்தி. மேடையில் ஒயிலாட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிகழ்ச்சி முடிந்தபின் ஆட்டக்காரர்கள் கீழே இறங்கி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையில் துணியைக் கொடுத்து இழுத்துவிட்டார்கள் பார், எனக்கு அதுதான் பிடித்தது. பறைக்காரர் அடியை மெதுவாக்கி அவர்களுக்காகக் காத்திருந்தார். உங்களுக்கு அடிக்க வருகிறவரிடமும் இதைச் சொல்லிவை. கால் தெரியாதவர்கள் வந்திருக்கும் நாளில் வேகம் அவர் கையில்தான் இருக்கிறது.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வருவாய் அல்லவா? அப்படியே குகைப் பகுதியில், சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கையும் பார்க்கலாம். வரும்போது உன் அம்மா எழுதி வைத்த பாட்டு நோட்டை எடுத்து வா, அக்காவுக்குச் சில பாட்டில் இரண்டாம் அடி சந்தேகமாம். கோல் எல்லாம் சுமந்து வராதே, இங்கே நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி