படத்துக்குக் கீழே ஒரு பெயர்: செய்தி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

பண்ருட்டியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். முகூர்த்த நாட்களில் கல்யாணம், காதுகுத்து. மற்ற நாட்களில் பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட அடையாள அட்டை. மழை, மறியல், விபத்து என்று எது நடந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடும் பழக்கமும் உண்டு. உங்கள் மாவட்ட நிருபர்கள் பலரிடம் என் எண் இருக்கிறது. நள்ளிரவில் அந்த எண் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்தவர் எடுத்த படத்தைப் பெயர் இல்லாமல் போடுவது, மூலையில் இருக்கும் பெயரின்மேல் சொந்த லோகோவை ஒட்டுவது, பழைய படத்தைப் புதிய செய்திக்குப் போடுவது எல்லாம் உங்கள் அலுவலகங்களில் தினசரி நடைமுறை. ஆகவே விளக்கம் வேண்டாம். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு படத்தின் கீழும் அதை எடுத்தவரின் பெயரைப் போடுங்கள்.

இப்போது இதை எழுத வைத்த சங்கதி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் மழை விடவில்லை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அந்த வெள்ளத்தில் எங்கள் பக்கத்துக் கரையோர ஊர் ஒன்றில் மொட்டை மாடியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மடியை ஒட்டி ஒரு கன்றுக்குட்டி. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து மேலே ஒரு கட்சி ஃப்ளெக்ஸ் பேனர். பேனரில் தலைவர் ஒருவர் கும்பிட்டபடி சிரிக்கிறார். நான் எடுத்த படம் அது. உங்கள் நிருபர் ஒருவர் கேட்டார், அனுப்பினேன். அன்று மாலைக்குள் பல திரைகளில் ஓடியது. ஒரு இடத்தில் தலைவரின் முகத்தை வெட்டியிருந்தார்கள், இன்னொரு இடத்தில் என் பெயரை வெட்டியிருந்தார்கள். தலைவருக்கு அதில் என்ன வருத்தமோ தெரியாது.

அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. வெள்ள நேரத்தில் யார் பெயரைத் தேடுவார்கள் என்று விட்டுவிட்டேன். போன மழைக்காலத்தில் டெல்டாவில் பயிர் மூழ்கிய செய்திக்கு அதே பாட்டி, அதே கன்றுக்குட்டி, அதே பேனர் மறுபடியும் திரைக்கு வந்தார்கள். ஊர் பெயர் இல்லை, தேதி இல்லை. மூலையில் தொலைக்காட்சியின் லோகோ மட்டும் பளபளவென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், இது பழைய படம் என்று. அது சரிதான். ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. "போலிப் படம்", "செட்டு போட்டு எடுத்தது", "கம்ப்யூட்டர்ல செஞ்சது, கன்னுக்குட்டி காத பாருங்க" என்று வளர்ந்தது. அந்தக் குடும்பம் அந்த வெள்ளத்தில் வீட்டுச் சாமானைப் பறிகொடுத்தது உண்மை. மாடியில் விடிய விடிய நனைந்தது உண்மை. ஊர் பெயரும் தேதியும் எடுத்தவன் பெயரும் இல்லாமல் போனதால் அவர்கள் பட்ட பாடே பொய்க் கணக்கில் சேர்ந்துவிட்டது.

பாட்டியின் மகன் ஸ்டுடியோவுக்கே வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்கம்மாவ ரெண்டு வருஷமா டிவில ஓட்டறாங்களே, எவ்ளோ வாங்கன தம்பி?" என்று கேட்டார். ஒரு பைசா வாங்கவில்லை என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இவ்வளவு பெரிய கட்டடம், இவ்வளவு விளம்பரம், படத்துக்கு மட்டும் காசு கொடுக்க மாட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அந்த ஊர்ப் பக்கம் இப்போது கேமராவோடு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அடுத்த வெள்ளத்துக்கு உங்களுக்குப் படம் எங்கிருந்து வரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொலைக்காட்சியின் பெயரையும் நிருபரின் பெயரையும் எழுதவில்லை. அவரும் பாவம், செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் ஸ்ட்ரிங்கர். பெட்ரோல் காசு கையிலிருந்துதான் போகிறது. என் பெயரை எழுதினால் அவரைப் பிடித்துவிடுவீர்கள் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

"பெயர் தெரியவில்லை, அதனால் போடவில்லை" என்று உங்கள் டெஸ்க்கில் சொல்வார்கள். பெயர் எப்படித் தெரியாமல் போகிறது என்று சொல்கிறேன். இன்றைய கேமராக்கள் பெரும்பாலானவற்றின் மெனுவில் எடுப்பவர் பெயரைப் பதிய ஓர் இடம் உண்டு. ஒருமுறை எழுதி வைத்தால் போதும், ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அந்தப் பெயர், தேதி, நேரம் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைப்பு, ஊர், உரிமை விவரம் எழுத ஐபிடிசி என்ற செய்தித் துறைக்கென்றே வகுத்த முறை இருக்கிறது. அது உங்களுக்காக உங்கள் துறையே செய்துகொண்டது. நான் எழுதித்தான் அனுப்புகிறேன். ஆனால் "மெயில் வேணாம் சார், வாட்ஸ்ஆப்ல தட்டிவிடுங்க" என்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, உள்ளே இருக்கும் இந்த விவரங்களையும் கழற்றிப் போட்டுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். அப்படி அனுப்பினால் "ஓப்பன் ஆகல, நார்மலா அனுப்புங்க" என்று பதில் வரும். பெயரை உருவுகிற வழியில்தான் அனுப்பு என்று சொல்லிவிட்டு, பெயர் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? கடைசியில் படத்தின் கீழே "நன்றி: இணையம்" என்று வருகிறது. தண்ணீரில் இடுப்பளவு நின்றது இணையமாம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மிரட்டுவதற்காக அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் "இதைப் படைத்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டு வைத்திருக்கிறது. நடப்புச் செய்திக்குப் பயன்படுத்தினோம் என்று நீங்கள் வேறு ஒரு பிரிவைக் காட்டலாம். போன வருஷத்து வெள்ளம் இந்த வருஷத்து நடப்புச் செய்தி ஆகுமா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு பிரிவு 17. காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதனால் கல்யாண ஆல்பத்தை மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்காமல் நான் எங்கும் போடுவதில்லை. நீங்கள் காசு கொடுத்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். கொடுக்கவில்லையே?

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது: எங்கள் செய்திகளை அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல் எடுத்துத் தங்கள் இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுத்துவிட்டார்கள் என்று. பிறகு நாட்டின் பெரிய செய்தி நிறுவனங்கள் பலவும் ஏஎன்ஐ பக்கமே சேர்ந்தன. ஒன்றிய அரசின் தொழில் வளர்ச்சித் துறைக் குழு 2025 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் படைப்பாளிகளுக்கு ராயல்டி எனப்படும் பங்குத்தொகை கொடுக்க வேண்டும் என்ற யோசனையும் வந்திருக்கிறது. நியாயமான வாதம்தான், கைதட்டுகிறேன். அனுமதி இல்லாமல் எடுத்தார்கள், காசு கொடுக்கவில்லை, பெயர் சொல்லவில்லை என்ற அந்த மனுவை, வாதியின் பெயரை மட்டும் மாற்றி, நாங்கள் உங்கள்மேல் போடலாமா? அமெரிக்கக் கம்பெனி எடுத்தால் திருட்டு, நீங்கள் எடுத்தால் மட்டும் "நன்றி: இணையம்" என்பதா? நாளைக்கு அந்தப் பங்குத்தொகை உண்மையிலேயே வந்தாலும், பெயரே இல்லாத படத்துக்கு யாரிடம் கொடுப்பார்கள்? உங்கள் லோகோவிடம்தான் கொடுப்பார்கள். அதற்குத்தான் பெயர் கேட்கிறேன்.

வியாபாரக் கணக்கு எனக்கும் புரியும், நானும் கடை வைத்திருப்பவன். விளம்பரம் குறைகிறது, காகிதம் விலை ஏறுகிறது, எங்கே குறைப்பது என்று பார்த்தால் படமெடுப்பவர்தான் முதலில் கண்ணில் படுகிறார். அமெரிக்காவில் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் 2013 மே மாதம் தன் முழுநேரப் படக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் புலிட்சர் பரிசு வாங்கிய ஜான் ஒயிட்டும் இருந்தார். நிருபர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மறு வருஷமே சிலரைத் திரும்ப வேலைக்குச் சேர்க்க வேண்டி வந்தது. நம் ஊரில் ஐபோன் பயிற்சிச் செலவுகூட இல்லை. "உங்கள் பகுதி வெள்ளக் காட்சிகளை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரி ஓட்டினால் போதும், மாநிலம் முழுக்க சம்பளம் இல்லாத நிருபர்கள். புயல் வந்தால் மக்களை வெளியே வராதீர்கள் என்று மேல் வரியில் சொல்லிவிட்டு, கீழ் வரியில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். ஓடுகிற தண்ணீரில் செல்ஃபி எடுக்கப் போய் இளைஞர்கள் அடித்துச் செல்லப்பட்டால் அதையும் செய்தியாக்கி, பொறுப்பில்லாத தலைமுறை என்று விவாதம் வேறு. பிரேக்கிங் நியூஸ் சிவப்புக்கும் விவாத மேடைக் கூச்சலுக்கும் போனால் இந்தக் கடிதம் முடியாது. மன்னிக்கவும், திரும்புகிறேன்.

பெயர் போட்டால் படம் கெட்டுப்போகாது. 2004 சுனாமியில் எங்கள் கடலூரில், இறந்த உறவினரின் உடல் அருகே மணலில் விழுந்து அழுத பெண்ணை ஆர்கோ தத்தா எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. அவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்கு எடுத்தது அது. அந்த ஆண்டுக்கான உலகப் பத்திரிகைப் பட விருது அதற்குத்தான் கிடைத்தது. போன இடத்தில் எல்லாம் எடுத்தவர் பெயரும் ஊர் பெயரும் நாளும் கூடவே போயின. அதனால்தான் இருபது வருஷம் கழித்தும் அந்தப் படத்தைக் காட்டி, இது எங்கே, எப்போது என்று ஒருவரும் சண்டை போடுவதில்லை.

இனி இது இன்னும் அவசியம். எந்த வெள்ளத்தையும் எந்தப் பாட்டியையும் உட்கார்ந்த இடத்திலேயே கணினி வரைந்து கொடுத்துவிடும். வரைந்ததைப் பார்க்கவும் நன்றாக இருக்கும், கன்றுக்குட்டிக்குக் காதும் ஒழுங்காக இருக்கும். ஜெர்மனியின் லைக்கா கேமரா கம்பெனி 2023இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு கேமரா, படம் எடுத்த கணமே அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு மின் முத்திரையையும் கோப்பில் வைத்துவிடுகிறது. மற்ற கம்பெனிகளும் அந்த வழியில் வருகின்றன. நல்லதுதான். என்ன, அந்த கேமரா வாங்க நான் ஸ்டுடியோவை விற்க வேண்டும். வாங்கினாலும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் முத்திரை போச்சு. செலவே இல்லாத முத்திரை ஒன்று இருக்கிறது: எடுத்தவர் பெயர். இது என் படம், இந்த ஊரில் எடுத்தேன், கேட்டால் பதில் சொல்வேன் என்று ஓர் ஆள் நிற்பது. அதை நீங்களே வெட்டி எறிந்துவிட்டு, மக்கள் செய்தியை நம்புவதில்லை என்று கருத்தரங்கில் வருத்தப்படுகிறீர்கள்.

காசு கொடுங்கள் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம்தான், இன்னொரு நாள் கேட்போம். இப்போது கேட்பது இவ்வளவுதான். படத்தின் கீழே எடுத்தவர் பெயரைப் போடுங்கள். பழைய படம் என்றால் "கோப்புப் படம்" என்பதோடு நிறுத்தாமல் ஊரையும் மாதத்தையும் சேருங்கள். கணினி வரைந்தது என்றால் அதையும் கண்ணில் படும் அளவு எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில்தான் வேண்டும் என்றால் டாக்குமெண்டாக வாங்கச் சொல்லி உங்கள் நிருபர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதுவும் முடியாது என்றால், "யார் எடுத்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள், சொல்கிறோம். பெயர் தெரியாத படத்தைப் போடாமல் இருந்தாலும் செய்தி செய்திதான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்தால் உதவியாக இருக்கும். மழை தொடங்கிவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, எங்களுக்கும் இருக்காது. பாட்டியின் படத்தை இன்னும் வைத்திருக்கும் அலுவலகங்கள் அதில் "தென்பெண்ணைக் கரை, டிசம்பர் 2024" என்று இன்றே எழுதிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். லோகோ இல்லாத மூலப் படம் வேண்டும் என்றால் மெயிலில் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
பண்ருட்டி ஸ்டுடியோக்காரன்