ரெண்டு ஃபோல்டர்

குடியாத்தம்,
சித்திரை 14.

பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். அம்மா, ஆயா, சின்னவன் எல்லாரும் சுகம். நம்ம ஊரு வெயிலைப் பத்தி உனக்குச் சொல்லணுமா, ராத்திரி பத்து மணிக்குத் தொட்டாலும் சுவரு சுடுது. ஆயா மாடியிலதான் படுக்கறாங்க. நீ மோர் குடிக்கிறியா? சனிக்கிழமை எண்ணெய் தேச்சிக் குளி. ஹாஸ்டல்ல தண்ணி வரலன்னு சாக்கு சொல்லாத.

அம்மா உன்கூடப் போன்ல பேசறப்ப நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். 'அப்பாகிட்ட குடுக்கட்டுமா'ன்னு அவ கேட்டா உடனே உனக்கு கிளாஸ் வந்துடுது. ராத்திரி ஒம்பது மணிக்கு இன்னா கிளாஸ்னு நான் கேக்கல. படிக்கிற பொண்ணு, இருக்கும்.

நம்ம மைக் செட்டுக்குப் புதுசா ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கியிருக்கேன், பதினெட்டு இஞ்ச். வந்து பாரு.

பேரணாம்பட்டு விஷயத்தை எழுத வேணாம்னுதான் இருந்தேன். அத்தை வீட்டு மஞ்ச நீராட்டு விசேஷம், மாமன் சீரெல்லாம் வந்து எறங்குற நேரம், ஓடற பாட்டுல பச்சையா வார்த்தை வருதுன்னு அத்தனை ஜனம் எதிர்ல வந்து ஒயரைப் பிடுங்கலாமா? ஆம்ப் ஓடிக்கிட்டிருக்கப்ப ஜாக்கை உருவினா ஸ்பீக்கர் இன்னா ஆகும்னு உனக்கா தெரியாது? பத்து வயசுல சோல்டரிங் பிடிச்ச கை. 2021ல கௌண்டன்யா ஆத்துல வெள்ளம் வந்து, நான் ஆம்ப்பைத் தலையில தூக்கிக்கிட்டு ஓடினப்ப முன்னாடி டார்ச் பிடிச்சிக்கிட்டுப் போனவ நீ. இன்னிக்கும் கடைக்கு வர்றவங்ககிட்டெல்லாம் அதைச் சொல்லுவேன். உங்கிட்டதான் சொன்னதில்ல.

திரும்பி வர்றப்ப வண்டியில நீ சொன்னதே காதுல நிக்குது. 'மெட்டு நல்லா இல்லன்னா யாருப்பா பாடப் போறாங்க? நல்லா இருக்கறதாலதான் குளிக்கும்போது எனக்கே அந்த வார்த்தை வாயில வருது, அதான் கோவம்'னு சொன்ன. நான் கூத்தை இழுத்தேன். பாரதக் கூத்துல கட்டியங்காரன் பேசாத பச்சையா, பாயில படுத்துக்கிட்டே அதைக் கேட்டு வளந்தவங்கதான நாங்கன்னேன். 'அவன் ராஜாவையே கிண்டல் பண்ணுவான்பா. இதுல அடி வாங்கறது பொண்ணு மட்டுந்தான்'னுட்ட. பதில் வரல, அதனால சத்தம் போட்டேன். படத்துல சென்சார் அடக்கின வார்த்தை ஆடியோவுல முழுசா கிடைக்குது, அப்புறம் எதுக்குப்பா சென்சார்னு கேட்ட. அதுக்கும் சத்தந்தான் போட்டேன்.

எங்க தொழில்ல போலீஸ் வந்தா, பத்து மணிக்கு மேல நிறுத்துன்னுவாங்க. இல்லன்னா வீடுங்க இருக்கற தெருவுல 55 டெசிபல் தாண்டுதான்னு பாப்பாங்க. வார்த்தைக்கு மீட்டர் கிடையாது. அந்த தைரியத்துலயே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்.

சாப்பாடு சரியா சாப்பிடு. மெஸ்ல பிடிக்கலன்னா வெளிய வாங்கிக்க, பணம் போடறேன்.

நான் வார்த்தையைக் கேக்கறதில்ல, பேஸும் ட்ரெபிளும்தான் கேக்கறேன்னு உங்கிட்ட சொன்னேன் இல்ல? பொய். பென்டிரைவ்ல ரெண்டு ஃபோல்டர் இருக்குது, கோயிலுக்கு ஒண்ணு, விசேஷத்துக்கு ஒண்ணு. எது எதுல போகணும்னு பிரிச்சவன் நான்தான். கேக்காமயா பிரிச்சேன்?

2019ல உன் மஞ்ச நீராட்டுக்கும் பசங்க வந்து அந்த மாதிரி பாட்டு கேட்டாங்க. ஐநூறு நீட்டினாங்க. நான் பந்திக்குக்கூடப் போகாம மிக்சர்கிட்டயே நின்னேன். அன்னிக்கு மேளமும் பழைய பாட்டுந்தான். மக சடங்குல கை நனைக்காத மனுஷன்னு அம்மா இன்னும் சொல்லிக் காட்டறா. காரணத்தை அவகிட்டகூட சொன்னதில்ல.

பேரணாம்பட்டுல அதே ஐநூறை வாங்கிச் சட்டைப் பையில வச்சேன். மணையில உக்காந்திருந்த அந்தக் குழந்தை, தலை நிமிராம மாலையில இருந்த பூவை ஒண்ணொண்ணா கிள்ளிப் போட்டுக்கிட்டிருந்தது. பாத்தேன். விரல் சத்தம் ஏத்தற ஃபேடர் மேலதான் இருந்தது. ஏத்தினேன், பாப்பா. அதுக்கப்புறந்தான் நீ வந்து ஒயரைப் பிடுங்கின.

வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முத்தியாலம்மன் கோயில்லேர்ந்து சிரசு வர்ற வழியில ஒரு தெரு நம்ம செட்டு, விடியறதுக்கு முன்னாடியே கட்டணும். கோவை எக்ஸ்பிரஸ்ல வந்தா காட்பாடியில எறங்க ராத்திரி ஆயிடும், நான் வண்டியோட நிப்பேன். லீவு இல்லன்னா பரவால்ல. படிப்புதான் முக்கியம். ஆயாதான் தெனம் கேக்கறாங்க, பாப்பா வருதான்னு.

விசேஷ ஃபோல்டர்ல அறுநூத்துச் சொச்சம் பாட்டு. இதுவரைக்கும் முப்பத்தெட்டை அதுலேர்ந்து எடுத்துட்டேன். கடகடன்னு பேசிக்கிட்டே போற பாட்டுல மட்டும் இன்னா சொல்றான்னு எனக்கு நெசமாவே புரியல. அதையெல்லாம் தனியா வச்சிருக்கேன்.

டிக்கெட் போட்டா அம்மாகிட்ட சொல்லு. எண்ணெய் தேச்சிக் குளி.

அப்பா.

நீ பிடுங்கின ஜாக்கை நானே சோல்டர் பண்ணிப் பத்த வச்சேன். சுமாராத்தான் நிக்குது, ஆட்டினா கொரகொரன்னுது.