பங்குனி ஆமைக்குப் பந்தல் கட்டிய கைகளுக்கு

குப்பத்து மக்களுக்கும், இரவெல்லாம் எங்களோடு கரையில் நடந்த தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பங்குனி ஆமை என்னும் கடலாமையின் முட்டைகளைக் கரை மணலில் புதைத்துக் காத்தோமே, இன்று விடியற்காலையில் அதில் கடைசிக் குழியும் பொரிந்தது. குஞ்சுகளைக் கடலில் விட்டுவிட்டு வந்த ஈரக் காலோடு எழுதுகிறேன்.

2025 சனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாம் யாரும் மறக்கவில்லை. ஆமைகள் சிக்கிச் சாகும் வலை ஒரு பயம் என்றால், இந்தப் பருவத்தில் மணல் இன்னொரு பயமாக வந்து நின்றது. பங்குனி ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. 29, 30 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகளே பெருகும். 35-ஐத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் முட்டைக்குள்ளேயே கரு செத்துவிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். மாசி முடிவதற்குள்ளேயே மணலில் வெறுங்கால் வைக்க முடியவில்லை.

என்ன செய்வதென்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது வடக்குத் தெரு ஆயா கேட்டார்: "மொளகா நாத்துக்கே நெழலு கட்றோம், இதுக்குக் கட்டக் கூடாதா?" கேட்டதோடு விடவில்லை. மீன் விற்றுவிட்டு வந்த களைப்போடு உட்கார்ந்து கீற்று முடையத் தொடங்கினார். மறுநாள் ஐந்து பேர், அதற்கடுத்த நாள் தெருவே. பந்தல் போட்ட பிறகு வெப்பமானி காட்டிய அளவு ஏறக்குறைய இரண்டு டிகிரி இறங்கியது. அன்று நான் அழுதேன் ஆயா, உங்களிடம் சொல்லவில்லை.

கரைவலையில் சிக்கிய தாய் ஆமைக்காகத் தன் வலையையே அறுத்துவிட்ட அண்ணனுக்கு என்ன கைம்மாறு செய்வோம்! அன்றைய மீன்பாடும் போனது, வலையும் போனது.

இட்ட முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் கொண்டுவந்து, முழங்கை ஆழத்தில் குடுவை போலக் குழி தோண்டிப் புதைத்த மாணவர்களுக்கும், கூடவே கண்விழித்த வனக் காவலருக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடாமல் மாடி விளக்குகளை அணைத்துவைத்த வீட்டாருக்கும், நள்ளிரவில் தேநீர் கொடுத்துக் காசு வாங்க மறுத்த கடைக்கார அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி.

பந்தலைப் பிரித்தாயிற்று. மூங்கில் கழி கொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கீற்றுகளைத் தனியாக அடுக்கி வைத்திருக்கிறோம், தை பிறந்ததும் தேவைப்படும்.