தரை மட்டத்தோடு நின்றுபோன தூண் கம்பிகள்: வலுப்படுத்தும் பணி குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பழைய வீட்டின் நான்கு தூண்களுக்கான ஜாக்கெட்டிங் (பழைய தூணைச் சுற்றிக் கம்பி கட்டிப் புதிய கான்கிரீட் உறை போடுவது), வடகிழக்கு மூலைச் சுவருக்கான அண்டர்பின்னிங் (பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டிப் புதிய கான்கிரீட் தாங்கல் கொடுப்பது) ஆகிய இரண்டும் ஒப்பந்தப்படி செய்யப்படாதது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் தளப் பொறியாளர் கடைசியாக வந்தபோது, வடகிழக்கு மூலையில் புதிதாக விழுந்துள்ள விரிசலைப் பார்த்துவிட்டு, "பூச்சு வெடிப்புதான், பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் போதும்" என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார். பூச்சு வெடிப்பு என்றால் தலைமயிர் கனத்தில் நாலாபுறமும் கிளைவிட்டு ஓடும். இது அப்படி ஓடவில்லை. ஜன்னல் மூலையைத் தொட்டுக்கொண்டு, செங்கல் இணைப்புகளைப் படிக்கட்டுபோலப் பற்றிச் சாய்வாகப் போகிறது. மேல் முனையில் 4 மி.மீ., கீழ் முனையில் 1 மி.மீ. அகலம் இருக்கிறது. பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்தால் உள்ளே செங்கல்லும் பிளந்துள்ளது. மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் சாய்வு விரிசலுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: அந்த மூலை அடியில் இறங்குகிறது. அண்டர்பின்னிங் முடித்த பிறகும் மூலை இறங்குகிறதென்றால், குறையைத் தேட வேண்டிய இடம் மண்ணுக்கு அடியில்தான்.

ஆகவே வேறொரு கட்டமைப்புப் பொறியாளரின் மேற்பார்வையில் இரண்டு இடங்களில் சோதனைக் குழி தோண்டிப் பார்த்தோம். கண்டவற்றை அளவுகளோடு கீழே தருகிறோம்.

முதலில் மூலைச் சுவர். வேலை செய்ய வேண்டிய நீளம் 6 மீட்டர். உங்கள் வரைபடத்திலேயே அது 1.2 மீட்டர் அளவில் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 1, 4, 2, 5, 3 என்று வரிசையும் போடப்பட்டுள்ளது. வரிசை சரியானதே. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை அடுத்தடுத்துத் திறக்காமல், சுவரின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் அந்தரத்தில் விடாமல் செய்வதற்குத்தான் அந்த வரிசை. செங்கல் சுவர் சிறிய இடைவெளி ஒன்றை வளைவுபோலத் தானே தாங்கிக்கொள்ளும். இடைவெளி நீண்டால் அந்தத் தாங்கல் அறுந்துபோகும். ஆனால் உங்கள் ஆட்கள் 1, 2, 3 ஆகிய மூன்று பகுதிகளையும் ஒரே வாய்க்காலாகத் தோண்டினார்கள். 3.6 மீட்டர் சுவர், அதாவது அறுபது விழுக்காடு, அடியில் எதுவும் இல்லாமல் ஓர் இரவு முழுதும் நின்றது. இணைப்பில் உள்ள படங்களில் அது தெளிவாகத் தெரிகிறது.

நாள் கணக்கும் ஒத்துவரவில்லை. ஒரு பகுதிக்குத் தோண்ட ஒரு நாள், கான்கிரீட் போட ஒரு நாள், அது இறுக இரண்டு நாள், மேல் இடுக்கை அடைத்து இறுகவிட ஒரு நாள் என்று குறைந்தது ஐந்து நாள் வேண்டும். ஐந்து பகுதிக்கு 25 நாள். உங்கள் தளப் பதிவேட்டில் முதல் குழி தோண்டியதற்கும் கடைசிக் குழி மூடியதற்கும் இடையே இருப்பது ஆறே நாள்.

மேல் இடுக்கு என்று குறிப்பிட்டோமே, கோளாறின் வேர் அங்கேதான் இருக்கிறது. புதிய கான்கிரீட்டைப் பழைய அஸ்திவாரத்தின் அடிவரை நிரப்பக் கூடாது. சுமார் 75 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தி, அது இறுகிய பிறகு ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி, கட்டையால் இடித்து இடித்து இறுக்க வேண்டும். உங்கள் ஆட்கள் அந்த இடைவெளியே விடவில்லை. ஈரக் கான்கிரீட்டை அஸ்திவாரத்தின் அடி தொடும்வரை ஊற்றியிருக்கிறார்கள். ஈரக் கான்கிரீட்டில் ஜல்லி அடியில் படியும், நீர் மேலே கசியும், உலர உலர அது சுருங்கும். கடைசியில் பழைய அஸ்திவாரத்துக்கும் புதியதற்கும் நடுவே ஓர் இடுக்கு விழும். சோதனைக் குழியில் அந்த இடுக்கில் ஹேக்ஸா பிளேடை 150 மி.மீ. ஆழத்துக்கு நுழைக்க முடிந்தது. சுவர் இப்போது அந்த இடுக்கு மூடும்வரை இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே நீங்கள் பட்டி வைக்கச் சொல்லும் விரிசல் இதனால் வந்ததே.

ஆழமும் குறைவு. ஒப்பந்தத்தில் 1.8 மீட்டர் என்று இருக்கிறது, அளந்தால் 1.4 மீட்டர்தான். அந்த ஆழத்திலும் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும் களிமண்ணே இருக்கிறது. பழைய அஸ்திவாரம் எந்த மண்ணை நம்பி ஏமாந்ததோ அதே மண்ணில் புதிய கான்கிரீட்டையும் உட்காரவைத்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, உங்கள் முதல் ஆய்வறிக்கையில் குறிப்பிட்டிருந்த கழிவுநீர்க் குழாயின் கசிவு இன்றும் அந்த மூலையில் அப்படியே இருக்கிறது.

இனி தூண்கள். பழைய தூண் 230 × 230 மி.மீ. நான்கு பக்கமும் 100 மி.மீ. கூட்டி 430 மி.மீ. ஆக்க வேண்டும் என்பதுதான் வேலை. இரண்டாவது, மூன்றாவது தூண்களின் அளவு 370 மி.மீ. மட்டுமே, அதாவது பக்கத்துக்கு 70 மி.மீ. "முப்பது மில்லிமீட்டர்தானே" என்று தள புகார்ப் பதிவேட்டில் ஒரு பதில் இருக்கிறது. அந்த 70 மி.மீட்டரில் கவர் (கம்பிக்கு வெளியே மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்) 40, ரிங் கம்பி 8, நெடுங்கம்பி 16 போனால், கம்பிக்கும் பழைய தூணுக்கும் நடுவே மிஞ்சுவது 6 மி.மீ. அதற்குள் 10 மி.மீ. ஜல்லி எப்படி இறங்கும்? இறங்கவில்லை. மூன்றாவது தூணின் மேல்பகுதியில் 450 மி.மீ. நீளத்துக்குச் சுத்தியால் தட்டினால் காலி டப்பாபோல ஒலிக்கிறது. ஓரிடத்தில் உடைத்துப் பார்த்தோம், உள்ளே கான்கிரீட் நிரம்பாமல் தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை இரண்டாவது தூணின் அடியில் தெரிந்தது. ஜாக்கெட்டின் நெடுங்கம்பிகள் தரை மட்டத்துக்குக் கீழே 150 மி.மீ.யோடு முடிகின்றன. பூட்டிங்கின் (தூணின் அஸ்திவாரத்தின்) மேல்தளமோ 1.1 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு, பழைய 230 மி.மீ. தூண் மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் நிற்கிறது. மண் ஈரம் படும் அந்தப் பகுதியில்தான் துரு மிக அதிகம்: பழைய தூணின் 16 மி.மீ. கம்பி தேய்ந்து 13 மி.மீ. ஆகியிருக்கிறது. விட்டத்தில் மூன்றே மி.மீ. போனதாகத் தோன்றும், பரப்பளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மாடியின் சுமை எவ்வளவு பருத்த ஜாக்கெட்டில் இறங்கினாலும், கடைசியில் இந்த மெலிந்த கழுத்து வழியாகத்தான் பூட்டிங்குக்குப் போயாக வேண்டும். நீங்கள் வலுப்படுத்தியது, வலு குறைவாக இல்லாத பகுதியை.

துரு நீக்கிய விதத்தையும் குறிப்பிட வேண்டும். கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. வரை கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியைச் சுற்றிலும் வயர் பிரஷ் போட்டுப் பளிச்சென்று ஆக்கிய பிறகே துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த முன்பாதிக்கு மட்டும் அடித்திருக்கிறார்கள். பின்பாதித் துரு தொடர்ந்து வளரும். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு ஆவதால் உள்ளிருந்தே ஜாக்கெட்டைத் தள்ளும். பழைய கான்கிரீட்டோடு புதியதை ஒட்டவைக்கும் எபாக்சி பசைப் பூச்சைக் காலையில் அடித்துவிட்டு, மறுநாள் மதியம் கான்கிரீட் ஊற்றியதாகத் தளப் பதிவேடே சொல்கிறது. பசை ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கான்கிரீட் விழ வேண்டும். காய்ந்த எபாக்சி, பழையதையும் புதியதையும் பிரிக்கும் கண்ணாடித் தாள்போல ஆகிவிடும். அடிக்காமலே விட்டிருந்தாலும் இதைவிட நன்றாகப் பிடித்திருக்கும்.

வேலையின்போது மாடித் தளத்தைத் தாங்க வைத்த முட்டுகளை நான்காம் நாளே எடுத்துவிட்டார்கள். அதுவரை அவை நின்றதும் நிரப்பு மண்மேல் போட்ட ஓட்டுத் தரையில், கையகல மரத்துண்டின்மேல். இரண்டு இடங்களில் ஓடு உடைந்து முட்டு பதிந்திருக்கிறது.

சின்னதாக இன்னொன்று: சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் இணைப்புகளில் 1:3 சிமென்ட் கலவையைத் திணித்திருக்கிறார்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள் தேங்கும். மென்மையான செங்கல்லின் முகம் உதிரத் தொடங்கும்.

நாங்கள் கேட்பவை இவை. இந்த வரிசையிலேயே நடக்க வேண்டும். முதலில் மாடித் தளத்துக்கு மீண்டும் முட்டு கொடுங்கள். ஓட்டுத் தரையை அகற்றி, இடித்து இறுக்கிய மண்ணில், குறைந்தது 50 மி.மீ. கனமான அகலப் பலகைகளின்மேல் அவை நிற்க வேண்டும். அடுத்ததாகக் குழாய்க் கசிவை நிறுத்துங்கள். அதன்பின் மூலைச் சுவரை ஒவ்வொரு பகுதியாக, உங்கள் வரைபட வரிசையிலேயே திறந்து, 1.8 மீட்டருக்கோ அதற்கும் கீழே உறுதியான மண் வரும்வரையோ போய், மேல் இடுக்கை உலர் கலவையால் இடித்து அடையுங்கள். ஒவ்வொரு குழியின் அடிமண்ணையும் எங்கள் பொறியாளர் பார்த்த பிறகே கான்கிரீட் ஊற்ற வேண்டும்.

தூண்களில், ஜாக்கெட்டின் அடிப்பகுதியைத் தரைக்கு மேல் 650 மி.மீ. வரை உடைத்தாக வேண்டும். 16 மி.மீ. கம்பிக்கு ஐம்பது மடங்கு, அதாவது 800 மி.மீ. மேற்பொருத்தம் (இருக்கும் கம்பியும் புதிய கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து ஓடும் நீளம்) தேவை, தரைக்குக் கீழே 150 மி.மீ. ஏற்கெனவே இருக்கிறது. புதிய கம்பிகளைப் பூட்டிங்கில் 20 மி.மீ. துளையிட்டு, ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதித் தூசி போன பிறகே ரெசின் பசை வைத்து நட வேண்டும். துளையின் ஆழத்தைக் கணக்கோடு எழுதித் தாருங்கள். இரண்டாவது, மூன்றாவது தூண்களின் ஜாக்கெட்டை முழுவதுமாக அகற்றி 100 மி.மீ. கனத்தில் புதிதாகப் போட வேண்டும். முதலாவது, நான்காவது தூண்களின் அடியையும் தோண்டிக் காட்டுங்கள். இம்முறை முட்டுகள் 28 நாள் நிற்கட்டும்.

இந்தத் திட்டத்துக்கு எழுத்து மூலமான பதிலும் வேலை அட்டவணையும் 15 நாளுக்குள் வர வேண்டும். அதுவரை இறுதித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். பணி நிறைவுச் சான்றிலும் கையெழுத்திட மாட்டோம். வரும் வாரம் பட்டி வைக்க ஆள் அனுப்புவதாகத் தகவல் வந்தது. அனுப்ப வேண்டாம். விரிசல் இன்னும் அகல்கிறதா என்று பார்க்க, அதன் குறுக்கே நான்கு இடங்களில் கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறோம், அவற்றில் இரண்டு ஏற்கெனவே உடைந்துவிட்டன. மற்ற இரண்டின்மேல் பட்டி பூசப்படுவதை நாங்கள் விரும்பவில்லை.

இப்படிக்கு,
வீட்டின் கூட்டு உரிமையாளர்கள்

இணைப்பு: சோதனைக் குழிப் படங்கள், தூண் அளவுக் குறிப்பு, தளப் பதிவேட்டின் நகல், விரிசல் அகலத்தின் வாராந்திரப் பதிவு.