உதவுபவருக்குச் சட்டம் துணை நிற்கிறது

ஐயா,

விபத்தில் சிக்கியவர்களுக்கு உதவ மக்கள் தயங்குவது குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். மனிதநேயம் குறைந்துவிட்டதே காரணம் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமோ என்ற அச்சமே பெரிய காரணம். சென்ற ஆண்டு உளுந்தூர்பேட்டை அருகே மையத்தடுப்பில் மோதிய காரைச் சுற்றி இருபது பேர் நின்றிருக்க, தேநீர்க் கடைப் பெண்மணி ஒருவர்தான் ஓட்டுநரின் நெற்றிக் காயத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தார். 108 ஆம்புலன்ஸ் வந்ததும் அவரே, "என் பெயரை எழுதிவிடாதீர்கள்" என்று கைகூப்பிக் கெஞ்சியது இன்னும் கண்முன் நிற்கிறது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு உரிமையியல், குற்றவியல் நடவடிக்கைகளிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. பெயர், முகவரியைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-இல் வந்த விதிகளும் கூறுகின்றன. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதால், மருத்துவச் செலவு தம் தலையில் விழும் என்றும் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இவ்விரண்டையும் எளிய தமிழில் பெரிய எழுத்துகளில் எழுதி, சுங்கச்சாவடிகளிலும் நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடைகளிலும் வைக்க நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும் முன்வர வேண்டும்.

– வாசகர் ஒருவர், விழுப்புரம்